கரைக்கும் ஊசி எல்லா ஃபில்லருக்கும் பொருந்தாது

இணையத்தில் ஒருவர், ஃபில்லர் (முகச் சுருக்கத்தையும் பள்ளத்தையும் நிரப்பத் தோலுக்கு அடியில் ஊசியால் போடும் பொருள்) போட்ட இடத்தில் கட்டியோ வீக்கமோ மாதக்கணக்கில் நின்றாலும் கவலை இல்லை, ஹயலூரோனிடேஸ் ஊசி போட்டால் எந்த ஃபில்லரும் கரைந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். பாதி சரி. ஆனால் ‘எந்த’ என்ற சொல் மட்டும் தவறு.

ஹயலூரோனிடேஸ் என்பது ஹயலூரானிக் அமிலத்தை உடைக்கும் நொதி, அவ்வளவுதான். ஜுவெடெர்ம், ரெஸ்டிலேன் போன்றவை அந்த அமிலத்தால் ஆனவை. அவற்றில் வேலை செய்யும். ரேடியெஸில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், ஸ்கல்ப்ட்ராவில் பாலி-எல்-லாக்டிக் அமிலம். இரண்டையும் இந்த நொதி தொடாது. பெல்லாஃபில்லில் உள்ள பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் வகை நுண்மணிகளை உடலே கரைப்பதில்லை. தொல்லை கொடுத்தால் சில நேரம் அறுவை சிகிச்சைதான் வழி. (போடாக்ஸ் ஃபில்லரே இல்லை, அதன் விளைவையும் இந்த ஊசி நீக்காது.)

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் இணையதளத்தில் அனுமதி பெற்ற ஃபில்லர்களின் பட்டியல் இருக்கிறது; எது எந்தப் பொருளால் ஆனது என்றும் அதிலேயே போட்டிருக்கும். உங்களுக்குப் போட்டது எது என்று தெரியாவிட்டால், ஊசி போட்ட கிளினிக்கில் தயாரிப்பின் பெயரையும் தொகுதி எண்ணையும் (பேட்ச் நம்பர்) கேளுங்கள். மருந்துப் பெட்டியிலேயே இரண்டும் அச்சிட்டிருக்கும், எனவே சொல்ல மறுக்கக் காரணமில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு தோல் மருத்துவரிடம் கரைக்கும் ஊசி பற்றிப் பேசலாம்.