டப்பாவில் உரிம எண் இருந்தால் அரசு சோதித்த பொருளா?

“டப்பாவில் 14 இலக்க எண் இருக்கிறது, எனவே அரசே சோதித்துப் பலனை உறுதிசெய்த பொருள்” என்று ஊட்டச்சத்து மாத்திரைகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் வலம் வரும் செய்தி தவறானது.

அந்த எண், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின்கீழ் (FSSAI) உணவுத் தொழில் செய்வோருக்கு வழங்கப்படும் உரிமத்தின் எண்ணே தவிர, அந்த மாத்திரை நோயைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்று அன்று. எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுவிடலாம் என்பதால், ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற உரிம இணையதளத்தில் அதை உள்ளிட்டு, திரையில் வரும் நிறுவனப் பெயரும் முகவரியும் டப்பாவில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா, உரிமம் இன்னும் செல்லுபடியாகிறதா, அனுமதிக்கப்பட்ட பொருள் வகைகளில் ஊட்டச்சத்து துணைப்பொருளும் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்; ஊறுகாய்க்கு மட்டும் பெற்ற உரிமத்தைக் காட்டிப் புரதப் பொடி விற்பது செல்லாது.

இன்னொன்று: இத்தகைய துணைப்பொருள்களின் லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்ற பொருள்படும் வாசகம் இருக்க வேண்டும் என்பது விதி. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு, முன்பக்கத்தில் ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், உரிம எண் உண்மையாகவே இருந்தாலும் அந்த விளம்பரம் விதிமீறல்தான்.