பட்டியல் போடுகிறவர்களுக்கு வயதாவதில்லை

ஒலிம்பிக், காமன்வெல்த் போன்ற போட்டிகளின் பட்டியலிலிருந்து சில விளையாட்டுகளைத் தூக்குவதை ஆதரித்து ஒருவர் எழுதிய பதிவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். போதும்.

"ஆள் பார்க்காத ஆட்டத்தை எல்லாம் தூக்கினால் என்ன குடிமுழுகிவிடும்? ஸ்குவாஷ், பிரேக் டான்ஸ் இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்டுவிட்டு, பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்த ஆஸ்திரேலியப் பெண் கங்காரு மாதிரி குதித்த வீடியோவையும் கீழே ஒட்டியிருக்கிறார். சிரிப்பு எமோஜிகள் குவிந்து கிடக்கின்றன. போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

எழுதியவர் விவரம் தெரியாதவர் இல்லை. கிரிக்கெட் பற்றி அவர் எழுதினால் நானும் விரும்பிப் படிப்பேன். அதனால் பொறுமையாகப் பதில் சொல்ல முயல்கிறேன். முயல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் அந்த வீடியோ. ரேகன் என்ற பெயரில் ஆடிய அவர் மூன்று ஆட்டத்திலும் நடுவர்களிடம் ஒரு ஓட்டுகூட வாங்கவில்லை, உண்மைதான். அவர் மானத்தை வாங்கியதால்தான் பிரேக்கிங்கை, அதாவது பிரேக் டான்ஸை, தூக்கினார்கள் என்று உலகமே நம்புகிறது. தேதியைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் 2028க்கான கூடுதல் விளையாட்டுகளை 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். அதில் பிரேக்கிங் இல்லை. பாரிஸில் அவர் ஆடியது 2024 ஆகஸ்டில். அதாவது முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். தங்கம் வாங்கிய ஜப்பானின் ஆமி எப்படி ஆடினார் என்று அந்த எமோஜிக்காரர்களில் யாராவது பார்த்தீர்களா?

எந்த விளையாட்டு வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை நடத்துகிறவர்களுக்கு உண்டு. நான் மறுக்கவே இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: முன்கூட்டிச் சொல்லுங்கள். சுவரில் பந்தடித்து ஆடும் ஸ்குவாஷுக்கு ஒரு பிள்ளை ராக்கெட்டைக் கையில் எடுக்கிற வயதில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை உச்சத்துக்கு வந்து நிற்கும்போது சொல்லாதீர்கள். சேர்த்தால் குறைந்தது மூன்று ஒலிம்பிக், பன்னிரண்டு வருடம் வைத்திருங்கள். நீக்குவதென்றால் அதே அளவு அவகாசம் கொடுங்கள்.

இது பேராசையா? கராத்தேயைப் பாருங்கள். டோக்கியோவில் சேர்த்தார்கள். பிரான்ஸின் ஸ்டீவன் டா கோஸ்டா 67 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக் அவருடைய சொந்த நாட்டில். ஆனால் பாரிஸில் கராத்தே இல்லை என்பது அவர் ஜெயிப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. சொந்த மண்ணில் பட்டத்தைக் காக்கும் வாய்ப்பே இல்லாத ஒலிம்பிக் சாம்பியன்! இதற்கு என்ன எமோஜி போடுவீர்கள்?

பேஸ்பால் போன்ற சாஃப்ட்பாலில் ஜப்பானின் யுகிகோ உவெனோ 2008இல் தங்கம் வாங்கினார். அத்தோடு விளையாட்டையே தூக்கிவிட்டார்கள். லண்டன் இல்லை, ரியோ இல்லை. 2021இல் டோக்கியோவில் திரும்பி வந்தபோது அவருக்கு 39 வயது. அப்போதும் தங்கம்! எல்லோரும் "என்ன ஒரு கதை" என்று உருகினார்கள். எனக்கு உருக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவருடைய உச்ச வயதில் இரண்டு ஒலிம்பிக்கைப் பிடுங்கியவர்கள் யார்? அவரோடு 2008இல் ஆடி, 2021 வரை உடம்பு தாங்காமல் போனவர்களுக்குக் கதையும் இல்லை, இன்னொரு பதக்கமும் இல்லை. பாரிஸில் மறுபடி நீக்கம், லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி சேர்ப்பு. சுவிட்ச் போட்டு அணைப்பது போல.

"பார்வையாளர் யார் என்று பார்த்துத்தானே முடிவு செய்ய முடியும், காசு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நடத்தும் நாட்டுக்கு எது வசதி என்பதை முதலில் பார்ப்பதுதான் வழக்கம், ஐயா. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பென்சாக் சிலாட் என்ற தற்காப்புக் கலை வந்தது. மொத்தம் 16 தங்கம், அதில் 14 இந்தோனேசியாவுக்கு. அடுத்து சீனாவின் ஹாங்சோவில் நடந்த போட்டியில் சிலாட்டையே காணோம். எனக்கு சிலாட் மீது ஒரு புகாரும் இல்லை, அருமையான கலை. ஆனால் அதற்குள் ஆசியா முழுவதும் சிலாட்டை ரசிப்பதை நிறுத்திவிட்டதா என்ன? போட்டி நடக்கும் ஊர் மாறியது, அவ்வளவுதான்.

காசு பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, 2026 காமன்வெல்த் போட்டி நடத்தும் கிளாஸ்கோவுக்கு வருவோம். அதை முதலில் நடத்துவதாக இருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செலவு தாங்காது என்று 2023இல் கைவிரித்தது. கிளாஸ்கோ ஏற்றுக்கொண்டு 10 விளையாட்டு போதும் என்றது. சரி, நெருக்கடி, புரிகிறது. அதில் நீக்கப்பட்டவற்றில் ஒன்று 1998 கோலாலம்பூரிலிருந்து தொடர்ந்து இருந்துவந்த ஸ்குவாஷ். 2014இல் இதே கிளாஸ்கோவில் ஸ்குவாஷ் நடந்தது எங்கே தெரியுமா? ஸ்காட்ஸ்டவுன் வளாகத்தில். தீபிகா பள்ளிக்கலும் ஜோஷ்னா சின்னப்பாவும் இரட்டையர் தங்கம் வாங்கிய இடம். 2026இல் தடகளம் நடத்தத் தேர்ந்தெடுத்த இடம் எது? ஸ்காட்ஸ்டவுன். வளாகம் உள்ளே, ஸ்குவாஷ் வெளியே. புதிதாக ஊரைக் கட்டச் சொல்லியா கேட்டோம்?

"டிவியில் பந்தே தெரியாது" என்பது ஸ்குவாஷ் மீது அடுத்த புகார். இதை இன்னும் எத்தனை காலத்துக்குச் சொல்லப்போகிறீர்கள்? நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர் வந்துவிட்டது. கண்ணாடிக் கோர்ட்டில் கறுப்புப் பந்து தெரியாது என்று வெள்ளைப் பந்து கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் கோர்ட்டைக் கழற்றி எடுத்துப்போய் கிசா பிரமிடுகளுக்கு முன்னால் வைத்து ஆடியிருக்கிறார்கள். ஒரு விளையாட்டு உள்ளே வருவதற்கு இதைவிட என்ன செய்ய வேண்டும்? டிரெஸ்ஸாஜ் என்று குதிரை நடை பழகும் போட்டி ஒன்று இருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது முழுதாகப் பார்த்தீர்கள்? அதை யாரும் கேட்பதில்லை. அது பரம்பரை வீட்டுப் பிள்ளை.

"ஒலிம்பிக்கில் 10,500 வீரர்கள்தான் உச்சவரம்பு, எல்லோரையும் சேர்க்க முடியாது" என்கிறார்கள். நியாயம். நான் எல்லோரையும் சேர்க்கச் சொல்லவே இல்லையே. முன்கூட்டிச் சொல்லுங்கள் என்கிறேன். இதற்கும் உச்சவரம்பா?

"நீ ஸ்குவாஷ் ஆள், அதான் கத்துகிறாய்." ஆமாம். ஸ்குவாஷ் ஆள்தான். அடிபட்டவன் கத்தாமல் அடித்தவனா கத்துவான்?

நிக்கோல் டேவிட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலேசியாக்காரர். எட்டு முறை உலக சாம்பியன். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து உலகின் முதலிடம். 2012 ஒலிம்பிக்குக்கு ஸ்குவாஷ் கேட்டது, இல்லை என்றார்கள். 2016க்குக் கேட்டது, கோல்ஃபும் ரக்பி செவன்ஸும் உள்ளே போயின. 2020க்குக் கேட்டது. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கூத்து. 1896 ஏதென்ஸிலேயே இருந்த மல்யுத்தத்தை 2013 பிப்ரவரியில் ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு வெளியே தள்ளியது. பல்கேரிய மல்யுத்த வீரர் வாலென்டின் யோர்டானோவ் தன் தங்கப் பதக்கத்தையே திருப்பி அனுப்பினார். பிறகு, காலியான அதே ஒரு இடத்துக்கு மல்யுத்தம், பேஸ்பால்-சாஃப்ட்பால், ஸ்குவாஷ் மூன்றையும் மோதவிட்டார்கள். செப்டம்பர் ஓட்டெடுப்பில் மல்யுத்தம் 49, பேஸ்பால் 24, ஸ்குவாஷ் 22. வெளியே தள்ளியதும் அவர்களே, உள்ளே எடுத்ததும் அவர்களே. நடுவில் எங்களை ஏன் ஐயா வரிசையில் நிற்க வைத்தீர்கள்?

தன் உலகப் பட்டங்களைக் கொடுத்துவிட்டு ஒரு ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக்கொள்ளத் தயார் என்று வெளிப்படையாகவே சொன்னவர் நிக்கோல். 2019இல் ஓய்வு பெற்றார். 2023இல் ஸ்குவாஷ் சேர்க்கப்பட்டது. தகுதி இல்லாத விளையாட்டு நான்கு வருடத்தில் தகுதி பெற்றுவிட்டதா? கோர்ட் அதே கோர்ட், பந்து அதே பந்து.

நான் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை. மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவ்வளவே. ஒரு பெண் இருந்தாள். பதினான்கு வயது. பின்சுவரிலிருந்து வரும் பந்தை அவள் எடுக்கும் அழகுக்காகவே மற்றப் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கிளாஸ்கோ பட்டியல் வந்த வாரம் அவள் அப்பா வந்தார். கோபமெல்லாம் இல்லை, தன்மையாகத்தான் பேசினார். "சார், நாலு வருஷம் உழைச்சு இவ ஜெயிச்சு வர்றப்போ இது இருக்குமா இருக்காதான்னே தெரியலியே. பாட்மிண்டன்ல போடலாம்னு இருக்கோம்." தலையாட்டினேன். பாட்மிண்டனும் கிளாஸ்கோ பட்டியலில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, டென்னிஸுக்குக் கொண்டுபோவார்.

இப்போது சிலர் "அதான் லாஸ் ஏஞ்சலஸில் இடம் கொடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன அழுகை" என்று ஆரம்பிப்பார்கள். கொடுத்தார்கள், நன்றி. ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆக இரண்டு தங்கம். அதுவும் நடத்தும் ஊர் கேட்டுக்கொண்டதால் அந்த ஒரு போட்டிக்கு மட்டும் கிடைத்த இடம். நிரந்தர இடம் இல்லை. கராத்தேக்கும் இப்படித்தான் கொடுத்தார்கள்.

ஸ்குவாஷ் சங்கத்துப் பெரியவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "வரலாற்றுச் சாதனை" என்று போஸ்டர் போட்டதோடு சரி. போஸ்டரில் ஆட்டக்காரர்கள் ஸ்டாம்பு அளவில், பொறுப்பாளர்கள் ஆளுயரத்தில்.

போன வாரம் பதினொரு வயதுப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். அவன் அம்மா கேட்டார்: "2032 ஒலிம்பிக்ல இது இருக்குமா சார்? அப்போதான் இவனுக்குச் சரியான வயசு." யாரையெல்லாமோ டேக் செய்து சிரிக்கிறீர்களே, உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் கமென்டில் எழுதுங்கள். அவருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்துவிடுகிறேன்.