13-10: மறுபடியும் பார்த்ததில் கோபம் கூடியதுதான் மிச்சம்

"அதான் சாம்பியன் ஆகிவிட்டார்களே, இன்னும் எதற்குப் பழைய கதை?" என்று யாரும் தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். எங்கள் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி அந்த சீசனில் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் (பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடும் கால்பந்து) சாம்பியன் ஆனது உண்மைதான். ஆனால் அதற்கு முன் 2024 நவம்பர் 30 அன்று கொலம்பஸில் பரம எதிரியான மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் 13-10 என்று தோற்ற அந்த ஆட்டத்தை முழுதாக மறுபடி பார்த்து முடித்திருக்கிறேன். ஒவ்வொரு பிளேயையும், அதாவது ஒவ்வொரு முயற்சியையும், நிறுத்தி, பின்னால் ஓட்டி, பந்தை விட்டுவிட்டு லைனில் (இரு அணியும் முட்டி மோதும் முன்வரிசையில்) யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். இப்படியும் ஒரு ஆட்டத்தைத் தோற்க முடியுமா என்று வயிறு எரிகிறது.

அன்றைக்கு நிலைமை என்ன? நாங்கள் 10-1, தரவரிசையில் இரண்டாம் இடம். மிச்சிகன் 6-5. பந்தயக்காரர்கள் கிட்டத்தட்ட 20 புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் ஜெயிப்போம் என்று கணித்திருந்தார்கள். அவர்களின் சிறந்த கார்னர்பேக் (பாஸ் பிடிக்க வருபவர்களைத் தடுப்பவர்) வில் ஜான்சன் காயத்தால் ஆடவில்லை. பாஸ் பிடிப்பதில் அவர்களின் முதல் ஆளான கோல்ஸ்டன் லவ்லாண்டும் இல்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் முழு ஆட்டத்திலும் எறிந்து எடுத்தது 62 யார்டு, அதிலும் இரண்டு பந்துகளை எங்களிடமே கொடுத்தார். எதிரணி குவார்ட்டர்பேக் 62 யார்டோடு நின்ற ஆட்டத்தை, ஒரு லட்சம் பேர் கொள்ளும் சொந்த மைதானத்தில் தோற்றிருக்கிறோம்!

மிச்சிகனின் பலம் எங்கே இருந்தது என்பது ஊருக்கே தெரியும். லைனின் நட்டநடுவில். மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு மலைகள். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் (அணிகள் வரிசையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஒருவர் 5-ஆவதாகவும் இன்னொருவர் 13-ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். எங்கள் பலவீனம் எங்கே? அதே நடுவில். லைனின் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாஃப்லின் காயம்பட்டு வெளியே போயிருந்தார். அதற்கு முன்பே ஓரிகன் ஆட்டத்தில் லைனின் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்கால் காயத்தோடு போய்விட்டார். சென்டருக்குப் பக்கத்தில் கார்டாக ஆடிக்கொண்டிருந்த டானவன் ஜாக்சனை டேக்கிள் இடத்துக்கு மாற்றி, ஒட்டுப் போட்டு நிறுத்திய லைன் அது.

சரி, அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? பந்தை ஓரங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். ஓரங்களில் நின்றவர்கள் யார்? ஜெரமையா ஸ்மித், எமேகா எக்பூக்கா, கார்னெல் டேட். கல்லூரிக் கால்பந்திலேயே இப்படி ஒரு ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) கூட்டம் அன்றைக்கு வேறு யாரிடமும் கிடையாது. பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சி உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். ஆனால் முதல் டவுனில் நடுவில் ஓட்டம், ஒன்றோ இரண்டோ யார்டு. அடுத்த டவுனில் மறுபடி நடுவில் ஓட்டம், கிரஹாம் குவியலின் மேல் படுத்திருக்கிறார். மூன்றாவது டவுனில் இன்னும் ஏழெட்டு யார்டு தேவை என்று ஆன பிறகுதான் பாஸ் நினைவுக்கு வருகிறது. அப்போது பாஸ்தான் வரும் என்று எதிரணிக்கும் தெரியும், கேலரியின் கடைசி வரிசைக்கும் தெரியும்.

ட்ரெவியான் ஹெண்டர்சன் 10 ஓட்டத்தில் 21 யார்டு. குவின்ஷான் ஜட்கின்ஸ் 12 ஓட்டத்தில் 46. அணி மொத்தமும் 26 ஓட்டத்தில் 77. ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட வரவில்லை. அந்தப் பக்கம் ஸ்மித்துக்குக் கிடைத்தது ஐந்து பந்து, 35 யார்டு. இடைவேளைக்குச் சற்று முன் எங்களுக்கு வந்த ஒரே டச் டவுனும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) அவர் பிடித்ததுதான்! அதைப் பார்த்த பிறகாவது இரண்டாம் பாதியில் மாற்றியிருக்கலாம் அல்லவா? இரண்டாம் பாதியில் நாங்கள் எடுத்த புள்ளி பூஜ்யம்.

இந்தத் தோல்விக்கு எங்கள் கிக்கர் (பந்தை உதைப்பவர்) ஜேடன் ஃபீல்டிங்கைப் பிடித்துத் திட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 38 யார்டிலும் 34 யார்டிலும் இரண்டு ஃபீல்ட் கோல்களை (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) தவறவிட்டார், உண்மைதான். ஆனால் கல்லூரியில் படிக்கிற ஒரு பையனின் காலை நம்பித்தான் மிச்சிகனை ஜெயிக்க வேண்டும் என்ற நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தது யார்? எங்கள் குவார்ட்டர்பேக் வில் ஹவர்டின் தவறுகளை நான் மறைக்கவில்லை. அவர் எறிந்ததை மிச்சிகனின் ஆமிர் ஹால் பறித்து எங்கள் 2 யார்டு கோடு வரை ஓடினார், மிச்சிகனுக்கு டச் டவுன் கிடைத்தது அப்படித்தான். மகாரி பெய்ஜ் பறித்தது இன்னொன்று. ஹவர்ட் மோசமாக ஆடினார். ஆனால் அவரை எப்போதும் நெருக்கடியான டவுனிலேயே எறிய வைத்துவிட்டு, பழியை மட்டும் அவர் தலையில் போடுவது நியாயமே இல்லை.

எங்கள் டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்தது 13 புள்ளி. அதில் ஏழு, சொன்னேனே, 2 யார்டில் வைத்துக் கொடுத்த தானம். மிச்சிகனின் காலெல் மல்லிங்ஸ் 32 முறை ஓடி 116 யார்டு எடுத்தார். கடைசியில் மூன்றாவது டவுனில் 6 யார்டு தேவைப்பட்டபோது 27 யார்டு ஓடினாரே, அது வலிக்கத்தான் செய்கிறது. 45 விநாடி மிச்சம் இருக்கும்போது டொமினிக் ஸ்வாடா 21 யார்டு ஃபீல்ட் கோல் அடித்து முடித்துவிட்டார். மிச்சிகனை நான் குறை சொல்லவே மாட்டேன். தங்களால் எறிய முடியாது என்று தெரிந்து, தங்களுக்குத் தெரிந்த ஆட்டத்தை ஆடினார்கள். நாங்களும் அவர்களுக்குப் பிடித்த ஆட்டத்தையே ஆடிக் கொடுத்தோம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? என் கணிப்பு இது. 2021-இல் 42-27, 2022-இல் 45-23, 2023-இல் 30-24 என்று மூன்று வருடம் தொடர்ந்து மிச்சிகனிடம் தோற்றதில், "ஓஹையோ ஸ்டேட்டுக்கு உடல்பலம் போதாது" என்ற பேச்சு எங்கள் பயிற்சியாளர் ரயன் டேயின் மனதில் முள்ளாகக் குத்திவிட்டது. 2023 செப்டம்பரில் நோட்ரே டேமை 17-14 என்று வென்றதும், மைதானத்தில் நின்றபடியே, அதே பேச்சைப் பேசிய நோட்ரே டேமின் முன்னாள் பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸின் பெயரைச் சொல்லி அவர் கொதித்தது நினைவிருக்கிறதா? நாங்களும் முரட்டு அணிதான் என்று நிரூபிக்கும் அந்த வேகத்தைத்தான் இந்த ஆட்டத்தில் பார்க்கிறேன். யாருக்கு ஐயா நிரூபிக்க வேண்டும்? ஸ்கோர் போர்டில் முரட்டுத்தனத்துக்கு என்று தனிப் புள்ளி கிடையாது.

அப்புறம் நடந்ததுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. மூன்றே வாரத்தில் பிளேஆஃபில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்அவுட் ஆட்டங்கள்) டென்னஸியை 42-17 என்று அடித்தார்கள். ஸ்மித்துக்கு 103 யார்டு, இரண்டு டச் டவுன். அடுத்த சுற்றான ரோஸ் பௌலில் ஓரிகனுக்கு எதிராக இரண்டாவது கால்பகுதியிலேயே 34-0, ஸ்மித்துக்கு 187 யார்டு. டெக்சாஸுடன் ஹெண்டர்சனுக்கு ஒரு சின்ன ஸ்கிரீன் பாஸ் கொடுத்தார்கள், 75 யார்டு ஓடினார். மிச்சிகன் ஆட்டத்தில் பத்து முறை ஓட விட்டு 21 யார்டு எடுத்த அதே ஹெண்டர்சன்! நோட்ரே டேமுடன் இறுதி ஆட்டத்தில், மூன்றாவது டவுனில் 11 யார்டு தேவைப்பட்டபோது தைரியமாக ஸ்மித்துக்கு எறிந்தார்கள், 56 யார்டு. அப்போது மட்டும் சிம்மன்ஸும் மெக்லாஃப்லினும் திரும்பி வந்துவிட்டார்களா? அதே ஒட்டுப் போட்ட லைன்தானே? காயத்தைக் காரணம் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஜாக் சாயர், ஜேடி டுயிமோலோவ், ஹெண்டர்சன், எக்பூக்கா என்று 2021-இல் சேர்ந்த பையன்கள், முந்தைய வருடமே என்எஃப்எல்லுக்குப் போயிருக்கலாம். மிச்சிகனை ஒரு முறையாவது ஜெயிக்க வேண்டும் என்றுதான் திரும்பி வந்தார்கள். மிச்சிகனை வென்ற ஓஹையோ ஸ்டேட் வீரனுக்குத் தங்க பேன்ட் வடிவத்தில் ஒரு சின்னப் பதக்கம் கொடுப்பது 1934-லிருந்து வரும் வழக்கம். நான்கு வருடம் ஆடியும் அது அவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சாம்பியன் மோதிரத்தைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்த வராதீர்கள். டென்னஸிக்கு எதிராகப் போட்ட அதே திட்டத்தை மூன்று வாரம் முன்னால் ஏன் போடவில்லை என்று அந்த நான்கு பேருக்கும் யாராவது பதில் சொல்லட்டும்.