போட்டோ எங்கே என்று கேட்பவர்களுக்கு

எங்கள் கபடி கிளப் ஒரு குழந்தைகள் இல்லத்தோடு சேர்ந்து வேலை செய்யப்போகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். வாழ்த்தியவர்களில் பாதிப்பேர் "போட்டோ எங்கண்ணே?" என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டோ வராது. இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 74-ன்படி இல்லத்தில் வளரும் பிள்ளையின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே.

சட்டத்தை விடுங்கள். முதல் நாள் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் என்னிடம் கேட்டது இதைத்தான்: "அண்ணே, போட்டோ எடுப்பீகளா? ஸ்கூல்ல பாத்துட்டா ஹோம் பயன்னு கூப்பிடுவாய்ங்கண்ணே." அதற்குமேல் எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

சில வருடம் முன்பு வேறொரு இல்லத்துக்கு நாங்களே ஜெர்சி கொடுத்திருக்கிறோம். பேனர் கட்டி, வரிசையாக நிற்கவைத்து, பிஸ்கட் பாக்கெட்டோடு படம் எடுத்துப் போட்டோம். இந்தச் சட்டம் இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் போனபோது ஜெர்சி எல்லாம் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்தது. "நல்ல நாளைக்குப் போடலாம்னு வச்சிருக்கோம் தம்பி" என்றார் அங்கிருந்த அக்கா. ஆட மைதானம் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அந்தப் பிள்ளைகள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு எங்கே போவார்கள்? அந்த மடிப்பு இன்றைக்கும் என் மனதில் அப்படியே இருக்கிறது.

அதனால் இந்தத் தடவை எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் பொருள் கொடுப்பது கடைசியில்தான் வருகிறது. வாரம் நாலு நாள் பயிற்சி, போகவர ஆட்டோ, பயிற்சி முடிந்ததும் ரெண்டு முட்டை, சுண்டல். எங்கள் ஆள் யாரும் எந்தப் பிள்ளையையும் தனியாகக் கூட்டிப்போகக் கூடாது, பெரியவர்கள் இரண்டு பேர் எப்போதும் கூட இருக்க வேண்டும். இந்த விதியை இல்லத்துக்காரர்கள் கேட்டபோது எங்களில் சிலருக்கு முகம் சுருங்கியது. கேட்டது நூற்றுக்கு நூறு சரி. கேட்காத இல்லத்தை நான் நம்பமாட்டேன்.

கிளப் மட்டும் தனியாகச் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு, அது காகிதம். திருவிழாக் கபடியில் ஆள் நின்றால் போதும், அண்டாவோ கிடாவோ ஜெயித்துவிட்டு வரலாம். மாவட்ட அணித் தேர்வுக்குப் போனால் வயதுச் சான்று கேட்பார்கள். பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளை எங்கே போய்ப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்? எதிராளியை நல்லாப் பிடிக்கிற பையன்கள் இந்த ஒரு காகிதம் இல்லாமல் வெளியே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இல்லத்துக்காரர்களுக்கு, இந்தச் சட்டப்படி மாவட்டந்தோறும் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் போய் வயதைப் பதிவு செய்து வாங்கும் வழி தெரியும். பள்ளிச் சான்றும் இல்லை, பிறப்புச் சான்றும் இல்லை என்றால் மருத்துவப் பரிசோதனை வைத்து முடிவு செய்வார்கள். குழு பதியும் வயதுதான் இளைஞர் நீதிச் சட்டப்படி அந்தப் பிள்ளையின் வயது. எங்களுக்குக் கபடி பாடிப் போகவும், பாடி வருபவரைப் பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பையன் மேட் விரித்த கபடிக் களத்தில் இறங்க முடியும்.

நம்ம மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதிலேயே அம்மா அப்பா இல்லை, கூலி வேலை பார்த்த பாட்டிதான் வளர்த்தார். வெறுங்காலில் ஓடிய பெண் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் ஓடச் சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. தயங்கிய பாட்டியிடம் பேசி, மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். ஒரு மனிதர் தலையில் தூக்கிய சுமை அது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கண்ணன் கிடைப்பாரா? அந்தச் சுமையை ஒரு கிளப்பும் ஒரு இல்லமும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நான் சொல்கிறேன்.

2006-ல் பார்சிலோனா கால்பந்து கிளப் சட்டையில், குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பான யுனிசெப் பெயரைப் போட்டது. வழக்கமாகப் பெயர் போடக் கிளப்புக்குத்தான் காசு வரும். அங்கே கிளப்பே ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ கொடுத்தது. நம்மிடம் அவ்வளவு ஏது? சந்தாப் பணத்தில் ஓடும் கிளப் இது. ஆனால் கொடுக்கிற கை எது என்பதை அவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எனக்குப் பயம் எல்லாம் பதினெட்டு வயதைப் பற்றித்தான். பதினெட்டு முடிந்தால் இல்லத்தைவிட்டு வெளியேற வேண்டும். 21 வயது வரை பின்தொடர் பராமரிப்பு, அதாவது பண உதவியும் மற்ற ஆதரவும், தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் "எங்கடா தங்குவ?" என்று அன்றைக்கு ராத்திரி கேட்க ஒரு ஆள் வேண்டும். அதனால் வெளியே வரும் ஒவ்வொரு பையனுக்கும் 21 முடியும்வரை கிளப்பில் ஒரு மூத்த ஆட்டக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். முதல் பையனுக்கு வரும் ஆடியோடு பதினெட்டு முடிகிறது. அவனுக்கு நான்தான்.

இப்போதைக்கு மேட் ஷூ ஆறு ஜோடி வேண்டும். புதுசாகத்தான் வேண்டும், அளவு பிசகினால் கணுக்கால் போய்விடும். வாங்கித்தர நினைப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ஒவ்வொருவர் கால் அளவும் குறித்து வைத்திருக்கிறேன்.