ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை
“குடியை விட்டு ஆறு மாசம் ஆனாத்தான் மனச்சோர்வுக்கு கவுன்சிலிங், அதுவரை வீட்டிலேயே அடைச்சு வைங்க” என்று குடிப்பழக்கமும் மனச்சோர்வும் சேர்ந்து உள்ளவர்களைப் பற்றிச் சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு.

குடி, மனச்சோர்வு என்ற இரண்டு பிரச்சினையையும் ஆலோசகர்கள் சேர்த்தேதான் பார்ப்பார்கள். எத்தனை மணிக்கு, யாரோடு, என்ன மனநிலையில், எத்தனை மில்லி குடிக்கிறார் என்று முதல் அமர்விலேயே கேட்பார்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் நேரடியாக. குடி நின்று 2–4 வாரத்தில் சோர்வு தானாகக் குறைபவர்களும் உண்டு. அதனால் மாத்திரை முடிவைத் தள்ளிப்போடலாம், பேச்சை அல்ல.

அடைத்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம் (இதைப் ‘பேய் பிடிச்சிருக்கு’ என்பவர்களும் உண்டு!). கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினாலே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஆலோசனைக்கு டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி சேவை) எண்: 14416.