குளோன் டிஸ்க்கை அதே சர்வரில் விட்டு வைக்காதீங்க

"பேட்ச் (மென்பொருள் அப்டேட்) போடும் முன்னாடி டிடி-யில் சிஸ்டம் டிஸ்க்கை குளோன் எடுத்து, அதே சர்வரில் விட்டுடுங்க, பயமே இல்லை"ன்னு மேலே சொல்லியிருக்கீங்க. பாதிதான் சரி. டிடி (dd) என்பது டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் லினக்ஸ் கமாண்ட்; அது யூயூஐடியையும் (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) சேர்த்தே நகலெடுக்கும். லினக்ஸ் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான் ரூட்டை (சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனை) தேடும். ஒரே எண்ணில் ரெண்டு டிஸ்க் இருந்தால் எதில் பூட் ஆகும்னு சொல்ல முடியாது. பேட்ச் குளோனில் ஏறியிருக்கும், நீங்க ஒரிஜினல்னு நம்பிட்டிருப்பீங்க. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்றால், ஒன்று மவுன்ட் ஆகி (சிஸ்டத்தோடு இணைந்து) இருக்கும்போது ரெண்டாவதை சாதாரணமா மவுன்ட் பண்ண விடாது.

ஓடுற சிஸ்டத்தில் எடுத்தால் பாதி எழுதின டேட்டாபேஸும் அப்படியே நகலாகும். லைவ் யூஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் பண்ணி எடுங்க. ஒரிஜினலைக் கழற்றிட்டு குளோன் மட்டும் பூட் ஆகுதான்னு பாருங்க. அப்புறம் குளோனைக் கழற்றி, லேபிள் ஒட்டி வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரிதான் தெரியும்.