டிஸ்க் முழுவதையும் முதல் நாளே பங்கு போட்டுவிடாதீர்கள்

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் எஸ்எஸ்டி வாங்கி, பழைய லேப்டாப்பில் போட்டு, முதல்முறையாக லினக்ஸ் ஏற்றப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, ரூட்டுக்கு எத்தனை ஜிபி, ஹோமுக்கு எத்தனை ஜிபி?" ரூட் என்பது சிஸ்டமும் புரோகிராம்களும் இருக்கும் பங்கு, ஹோம் என்பது உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் பங்கு. ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் எது நிரம்பினால் எது நின்றுபோகும் என்று தெரியாமல் போடும் எந்த எண்ணும் உதவாது.

'வார்' (/var) டைரக்டரியை எடுத்துக்கொள்வோம், தனியாகப் பிரிக்காவிட்டால் அது ரூட்டுக்குள்ளேதான் இருக்கும். சிஸ்டம் எழுதும் பதிவுகளான லாக் எல்லாம் அங்கேதான் சேரும். செயலிகளை நிறுவும் ஆப்ட் இறக்கும் பேக்கேஜ், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் தரவு, செயலிகளைத் தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரின் இமேஜ், ஃப்ளாட்பேக்கில் போடும் செயலிகள், இவையும் வழக்கமாக அங்கேதான் போய் உட்காரும். புரோகிராமிங் படிக்கிற பிள்ளை ரூட்டுக்கு 20 ஜிபி மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் ஹோமுக்குக் கொடுத்தால், டாக்கரைக் கொஞ்ச நாள் ஓட்டியதுமே ரூட் நிரம்பிவிடும். அப்டேட் பாதியில் நிற்கும். பக்கத்திலேயே ஹோமில் நானூறு ஜிபி சும்மா கிடக்கும். டிஸ்க் போதவில்லை என்று அந்தப் பிள்ளை மறுபடி கடைக்கு ஓடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

சர்வர் என்றால் 'வார்' கட்டாயம் தனியாக இருக்க வேண்டும். லாக் கட்டுமீறிப் பெருகினாலும் ரூட் பிழைத்துக்கொள்ளும். லினக்ஸ் போன்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான ஓபன்பிஎஸ்டி இதில் இன்னும் கண்டிப்பு. டிஸ்க் பெரியதாக இருந்தால் அதன் இன்ஸ்டாலர் தானாகவே ரூட், டெம்ப், வார், யுஎஸ்ஆர், ஹோம் என்று பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு வைக்கும். அந்தக் கட்டுப்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வீட்டு லேப்டாப்புக்கு அத்தனை சுவர் தேவையில்லை, ரூட்டும் ஹோமும் போதும்.

அளவை முன்கூட்டியே சரியாகக் கணிக்க யாராலும் முடியாது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைப் பெல் லேப்ஸில் உருவாக்கிய கென் தாம்சனுக்கும் டென்னிஸ் ரிச்சிக்குமே 1970களின் தொடக்கத்தில் முதல் டிஸ்கில் இடம் போதாமல், பயனர் கோப்புகள் இருந்த இரண்டாவது டிஸ்குக்கு, அதாவது யுஎஸ்ஆருக்கு (/usr), புரோகிராம்கள் வழிந்தன. யுஎஸ்ஆருக்குள் இன்றும் புரோகிராம்கள் இருப்பது அதனால்தான்.

அதனால் நான் அடித்துச் சொல்வது: பங்குகளின் அளவைப் பிறகு மாற்றிக்கொள்ள உதவும் எல்விஎம் போடுங்கள், ஒரு பங்கை யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள். முதல் பந்திக்கே அண்டாவைக் கவிழ்த்துவிட்டால் அடுத்த பந்திக்கு எதைப் பரிமாறுவது? 512 ஜிபி டிஸ்க் என்றால் ரூட்டுக்கு 60, ஹோமுக்கு 200, மிச்சம் காலி. தேவைப்படும்போது எல்வி எக்ஸ்டெண்ட் (lvextend) கட்டளையை -r சேர்த்துப் போட்டால் போதும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கிவிடலாம். சுருக்குவதுதான் தலைவலி. ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறையை மவுண்டிலிருந்து கழற்றினால்தான், அதாவது பயன்பாட்டிலிருந்து விலக்கினால்தான், சுருக்க முடியும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறையைச் சுருக்க வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டு சர்வரில் எல்விஎம் தேர்ந்தெடுத்தால், பெரிய டிஸ்கிலும் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்து மீதியை இன்ஸ்டாலர் காலியாக விட்டுவிடும். "என் இடம் எங்கே போச்சு?" என்று பலர் கோபப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அது செய்வதுதான் சரி.

கம்ப்யூட்டர் தொடங்கத் தேவையான பூட் (/boot) பங்குக்கு 1 ஜிபி கொடுத்துவிடுங்கள், லினக்ஸின் மையமான கெர்னலின் பழைய பதிப்புகள் அங்கே குவியும். ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடமான ஸ்வாப்புக்கு 'ரேமைப் போல இரண்டு மடங்கு' என்பது ரேம் குறைவாக இருந்த காலத்துக் கணக்கு. ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைப்பது) செய்கிறவர்கள் ரேம் அளவுக்குக் குறையாமல் வையுங்கள். மற்றவர்களுக்கு 4 ஜிபி போதும், பிறகு பற்றாவிட்டால் ஸ்வாப் ஃபைல் சேர்த்துக்கொள்ளலாம்.

கமெண்டில் கேட்பவர்கள் டிஸ்க் எவ்வளவு, ரேம் எவ்வளவு, அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். மூன்றாவது தெரியாமல் நான் எண் சொல்லமாட்டேன்.